வலதுபக்கத்தில் நிற்கிறவன்

எங்கள் பக்கத்து ஷேர் ஆட்டோக்களின் கண்ணாடியில் அதிகம் ஒட்டியிருக்கும் வேத வசனம் எதுவென்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், 91ஆம் சங்கீதம். “உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி, உனக்காகத் தம்முடைய தூதர்களுக்குக் கட்டளையிடுவார்.” தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் போகிற சாலையில், கன்டெய்னர் லாரிக்கும் தண்ணி லாரிக்கும் நடுவே கிடைத்த சந்தில் ஆட்டோ புகும்போது, உள்ளே உட்கார்ந்திருப்பவர் எந்த மதமானாலும் அந்த வசனத்தின் மேல் ஒரு பிடிப்பு வந்துவிடும்.

புதிய ஏற்பாட்டில் இதே வசனத்தை எடுத்துப் பேசுகிறவன் பிசாசு. மத்தேயு 4ஆம் அதிகாரம். தேவாலயத்து உப்பரிகையின் மேல் இயேசுவை நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறதே என்கிறான். “உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி” என்ற சொற்களை விழுங்கிவிடுகிறான். சங்கீதத்தின் அடுத்த வசனம் சிங்கத்தின் மேலும் விரியன் பாம்பின் மேலும் மிதித்து நடப்பதைப் பற்றியது. அதற்கு முன்னாலேயே நிறுத்திக்கொள்கிறான். பிசாசுக்கு வேதம் தெரியும் என்பது மட்டுமில்லை, எந்த இடத்தில் புத்தகத்தை மூட வேண்டும் என்பதும் தெரியும். இதை முதலில் சொல்லக் காரணம், அவன் இருட்டில், சுடுகாட்டில், புளியமரத்தில் மட்டும் இருப்பான் என்று நினைத்துக்கொண்டு நாம் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்கு வெகுநாளாகத் தோன்றுவதுதான்.

நான் வளர்ந்தது இரண்டு வேதாகமங்களுக்கு நடுவில். ஆயா ராயபுரத்துக் கத்தோலிக்கர். படகோட்டிகள் கட்டிய ராயப்பர் கோயிலுக்குப் போகிறவர். அம்மா கல்யாணத்துக்குப் பிறகு கொருக்குப்பேட்டையில் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்துவிட்டார். ஆயா வீட்டுச் சுவரில் மிக்கேல் சம்மனசு, அதாவது மிகாவேல் தூதர், ஒரு கையில் ஈட்டியும் ஒரு கையில் தராசும் வைத்துக்கொண்டு, காலடியில் கரிய பேயை மிதித்துக்கொண்டு நிற்பார். சின்ன வயதில் எனக்கு அந்தப் பேயின் முகம்தான் பிடிக்கும், அதில்தான் உணர்ச்சி இருக்கும். அம்மா வீட்டில் படம் கிடையாது, வசன காலண்டர் மட்டும். ஆயாவுக்குத் தூங்கப் போகும் முன் காவல் சம்மனசுக்கு ஒரு செபம். அம்மாவுக்கு அது பெரிய தவறு. வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் யோவான் தூதனுடைய காலில் விழப் போகிறான், தூதன் தடுத்து, நானும் உன்னைப் போல ஊழியக்காரன்தான், தேவனைத் தொழுதுகொள் என்கிறான். இந்த இடத்தை அம்மா ஆயாவுக்கு எத்தனை முறை வாசித்துக் காட்டியிருப்பார்! ஆயாவின் பதில் எப்போதும் ஒன்றுதான்: “நான் அவரு கால்ல வுழல. ராத்திரி கொஞ்சம் பாத்துக்கோப்பான்னு சொல்றேன், அவ்ளோதான்.”

ஆயாவின் வேதாகமத்தில் இருந்து அம்மாவுடையதில் இல்லாத புத்தகங்களில் ஒன்று தோபித்து. தூதர்களையும் பேய்களையும் பற்றி ஒரே ஒரு கதை சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். மேதியா நாட்டில் சாரா என்றொரு பெண். ஏழு முறை மணமுடித்துக் கொடுத்தார்கள். ஏழு மாப்பிள்ளைகளையும் முதலிரவிலேயே அசுமதேயு என்கிற பேய் கொன்றுபோடுகிறது. கடவுள் இரபேல் தூதரை அனுப்புகிறார். அவர் இறக்கையோடு வரவில்லை. தோபியா என்ற இளைஞனுக்கு வழித்துணையாக, சம்பளத்துக்கு வந்த ஆள் மாதிரி வருகிறார். திக்ரீசு ஆற்றில் ஒரு மீன் பாய்ந்து வருகிறது. அதைப் பிடித்து, பித்தப்பை, இதயம், ஈரல் மூன்றையும் எடுத்து வைக்கச் சொல்கிறார். மணவறையில் இதயத்தையும் ஈரலையும் தணலில் போட்டுப் புகைத்ததும் பேய் எகிப்துக்கே ஓடிவிடுகிறது. “மீன் கொடலுக்குப் பேய் இன்னா, வாடிக்கைக்காரனே ஓடுவான்” என்று காசிமேட்டுப் பக்கம் ஆயுசெல்லாம் மீன் வாங்கிய ஆயா சிரிப்பார்.

மீன் கதையில் மயங்கி, அதற்கு முந்தின பக்கத்தை நான் பல வருடம் சரியாகப் படிக்கவில்லை. சாராவின் வீட்டுப் பணிப்பெண் அவளைப் பார்த்து, உன் புருஷன்மார்களைக் கொன்றவள் நீதான் என்கிறாள். அவர்களோடு நீயும் போய்ச் சேர், உனக்கு ஒரு பிள்ளை பிறப்பதை நாங்கள் பார்க்கவே வேண்டாம் என்கிறாள். பேய் ஏழு முறை வந்தபோது சாராவுக்குச் சாக வேண்டும் என்று தோன்றியதாகப் புத்தகம் சொல்லவில்லை. இந்தப் பேச்சைக் கேட்ட அன்றுதான் மாடி அறைக்குப் போய்த் தூக்குப் போட்டுக்கொள்ள நினைக்கிறாள். அப்பாவுக்கு அவமானமாகிவிடுமே என்று நிறுத்திக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி மன்றாடுகிறாள். அந்த மன்றாட்டுக்குப் பதிலாகத்தான் இரபேல் அனுப்பப்படுகிறார்.

அம்மாவின் வேதாகமத்திலும் இதே வழக்கு வேறு நீதிமன்றத்தில் நடக்கிறது. சகரியா 3ஆம் அதிகாரம். பிரதான ஆசாரியனாகிய யோசுவா அழுக்கு வஸ்திரத்தோடு கர்த்தருடைய தூதனுக்கு முன்பாக நிற்கிறான். அவனுக்கு வலதுபக்கத்தில் சாத்தான், குற்றஞ்சாட்ட. இந்தக் காட்சியில் கொம்பு இல்லை, வால் இல்லை, புகை இல்லை. அழுக்குத் துணி பொய்யும் இல்லை, கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. அதாவது சாத்தான் சொல்ல வந்தது உண்மையாகவே இருக்கலாம். கர்த்தர் அதை மறுத்து வாதாடவில்லை. இவன் அக்கினியினின்று தப்புவிக்கப்பட்ட கொள்ளி அல்லவா என்று சொல்லிச் சாத்தானைக் கடிந்துகொள்கிறார். அழுக்குத் துணியைக் கழற்றச் சொல்கிறார். புதுத் துணி கட்டுகிறார்கள். யோசுவா அந்த அதிகாரம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை, மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

யோபுவின் முதல் அதிகாரத்திலும் இவன் செய்கிற வேலை இதுதான்: யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான் என்று கேட்கிறான். வெளிப்படுத்தின விசேஷம் 12ஆம் அதிகாரத்தில் மிகாவேலின் படை வலுசர்ப்பத்தைக் கீழே தள்ளும்போது, இரவும் பகலும் நம்முடைய சகோதரர்மேல் குற்றஞ்சாட்டுகிறவன் தள்ளுண்டான் என்று பரலோகம் கொண்டாடுகிறது. ஆயா வீட்டுப் படத்தில் மிக்கேலின் காலடியில் கிடந்தவனின் தொழில் அதுதான். ஆகவே வேதத்தில் இரக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்பது கோபம் இல்லை, கர்த்தரே கோபப்படுகிறார். குற்றஞ்சாட்டுதல்தான் அந்தப் பக்கம் நிற்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு சுவிசேஷங்களில் பேய் துரத்துகிற கதைகளைத் திரும்பப் படித்தால் வேறு மாதிரி தெரியும்.

கானானியப் பெண் வந்து கூப்பிடுகிறாள்: “ஆண்டவரே, தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும், என் மகள் பிசாசினால் கொடிய வேதனைப்படுகிறாள்.” நோய் மகளுக்கு, இரக்கம் தனக்குக் கேட்கிறாள். மகளைப் பார்த்துக்கொண்டிருக்கிற எந்தத் தாய்க்கும் இது புரியும். மாற்கு 9இல் ஒரு தகப்பன், மகனைத் தீயிலும் தண்ணீரிலும் தள்ளுகிற ஆவியைப் பற்றிச் சொல்லி, எங்கள்மேல் மனதிரங்கி உதவிசெய்யும் என்கிறான். எங்கள்மேல்! வீடே நோயில் இருக்கிறது. அவனிடம் இயேசு கேட்கிற ஒரே விசாரணைக் கேள்வி, “இது இவனுக்கு உண்டாகி எவ்வளவு காலமாயிற்று?” பையன் என்ன செய்தான், நீ என்ன செய்தாய், தாத்தா எந்தக் கோயிலில் பூசாரி என்று கேட்கவில்லை. ஆவி போனதும் பையன் செத்தவன் மாதிரி கிடக்கிறான். இயேசு அவன் கையைப் பிடிக்கிறார், தூக்கி நிறுத்துவதற்காக.

மாற்கு 5இல் கதரேனர் நாட்டு மனுஷன் கல்லறைகளில் குடியிருக்கிறான், கல்லால் தன்னையே கீறிக்கொள்கிறான். ஊர் அவனுக்குச் செய்த வைத்தியம் சங்கிலியும் விலங்கும். பலமுறை கட்டியிருக்கிறார்கள், பலமுறை முறித்திருக்கிறான். இயேசு அவனைக் கட்டச் சொல்லவில்லை. லேகியோன் என்ற பிசாசுக் கூட்டம் வெளியே போன பிறகு அவன் வஸ்திரம் உடுத்தி, புத்தி தெளிந்து உட்கார்ந்திருக்கிறான். அவன் அலறியபோது ஊர் பட்ட பயம் எவ்வளவோ, அவன் தெளிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தும் பயப்படுகிறது. பிறகு அவனிடம் இயேசு சொல்வது: உன் வீட்டுக்குப் போய், கர்த்தர் உனக்கு இரங்கி உனக்குச் செய்தவைகளையெல்லாம் அறிவி. ஊழியக்காரர்கள் இந்தப் பகுதியை வல்லமையின் கதையாகப் பிரசங்கிக்கிறார்கள். இயேசு தன் வாயால் அதற்கு வைத்த பெயர் இரக்கம்.

இன்னொன்று. லூக்கா 13இல் பதினெட்டு வருஷம் கூனியாகக் கிடந்த பெண்ணைச் சாத்தான் கட்டியிருந்ததாகச் சொல்லும்போதே, அவளை ஆபிரகாமின் குமாரத்தி என்கிறார். கட்டு அவிழ்ந்த பிறகு கொடுத்த பட்டம் இல்லை இது, கட்டப்பட்டிருந்த காலம் முழுக்க அவளுக்கு இருந்தது. ஏழு பிசாசுகள் நீங்கிய மகதலேனா மரியாள் உயிர்த்தெழுந்த காலையில் முதலில் அனுப்பப்படுகிறாள். எங்கள் சபைகளில் ஒரு பெண்ணுக்கு ஒருமுறை பேய் பிடித்ததாகப் பெயர் விழுந்துவிட்டால், சாட்சி சொல்ல மைக் கொடுப்பார்கள். ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கச் சொல்ல மாட்டார்கள்.

இதையெல்லாம் ஏட்டில் மட்டும் படித்துவிட்டு எழுதவில்லை. என் சித்தி மகள் பிரசவமாகி வீட்டுக்கு வந்த சில நாட்களில் தூக்கத்தை விட்டாள். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தனக்குள் பேசுவாள். குழந்தையைத் தூக்கினால் இது என்னுது இல்ல, மாத்திட்டாங்க என்பாள். காத்து கருப்பு என்றார்கள், ஏவல் என்றார்கள், மாமியார் வீட்டுப் பக்கம் தாயத்து வந்தது, சித்தி அதை அறுத்துப் போட்டுவிட்டு ஒரு விடுதலைக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். எந்த ஊழியம் என்று எழுதப் போவதில்லை. மொட்டை மாடியில் தகரக் கொட்டகை, கீபோர்டு, எக்கோ வைத்த மைக். ஆயா பிடிவாதமாக நானும் வருவேன் என்று வந்து பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

தலைமுடியைப் பிடித்துக்கொண்டு ஊழியக்காரர் பெயர் கேட்டார், எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டார். அதுவாவது மாற்கு 5இல் இருக்கிறது. பிறகு மாற்குவில் இல்லாதது ஆரம்பித்தது. எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்கிற விசாரணை. பள்ளிக்கூடத்தில் கையில் கயிறு கட்டினாயா? ஆடி மாசம் அம்மன் கோயில் கூழ் குடித்தாயா? வடசென்னையில் பிறந்து ஆடிக் கூழ் குடிக்காத பிள்ளை எங்கே இருக்கிறது! கல்யாணத்துக்கு முன்னால் யாரையாவது நினைத்தாயா? மைக்கில், சபை முழுக்கக் கேட்க. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அந்த நிலையில் அவளிடம் கொலை செய்தாயா என்று கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பாள். அவளுக்கு வலதுபக்கத்தில் நின்றுகொண்டுதான் அவர் கேட்டார் என்று என் நினைவு சொல்கிறது. சகரியாவைப் படித்துப் படித்து நினைவு அப்படி நகர்ந்திருக்கலாம்.

ஆயா எழுந்து நடுவே போனார். “இன்னாய்யா, அப்பத்துலேர்ந்து பேயிக்கு இன்னா பேரு, பேயிக்கு இன்னா பேருன்னே கேட்டுனுகீற. புள்ள பெத்தவ வயித்துக்கு ஏதாச்சும் போச்சான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?”

யாரும் கேட்டிருக்கவில்லை. உபவாசம் இருந்தால்தான் இது போகும் என்று சொல்லி, பால் கொடுக்கிற பெண்ணைப் பட்டினி போட்டிருந்தார்கள்.

எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சாவைக் கேட்கிறான், 1 இராஜாக்கள் 19இல். சாக விரும்புவது பாவம் என்று தூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தட்டியெழுப்பி, எழுந்திருந்து போஜனம்பண்ணு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துவிடுகிறான். தூதன் கோபித்துக்கொள்ளாமல் இரண்டாம் தரமும் வந்து எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். வேதத்தில் தூதர்கள் செய்த வேலைகளை வரிசைப்படுத்தினால் போரை விட இந்த மாதிரிச் சில்லறை வேலைதான் கண்ணில் நிற்கும்: வனாந்தரத்தில் அழுத ஆகாரிடம் பயப்படாதே என்று சொன்னது, பேதுருவுக்குச் சிறையில் பாதரட்சையைப் போட்டுக்கொள் என்று ஞாபகப்படுத்தியது, கெத்செமனேயில் இயேசுவைப் பலப்படுத்தியது. எபிரெயருக்கு எழுதின நிருபம் இவர்களைப் பணிவிடை ஆவிகள் என்கிறது.

மறுநாள் தங்கச்சியை ஸ்டான்லிக்கு அழைத்துப் போனோம். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதை இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 1782இல் பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. சாப்பாட்டில் ஆரம்பித்த ஆஸ்பத்திரி என்பது ஆயாவுக்குப் பெருமை. ஓ.பி. சீட்டு வாங்கி, கூட்டத்தில் நின்று, மனநலப் பிரிவில் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “எவ்ளோ நாளா இப்படி இருக்கு?” நான் பக்கத்தில் நின்றுகொண்டு மாற்கு 9:21ஐ நினைத்தேன். சத்தமாகச் சொல்லவில்லை, அவருக்கு வெளியே இன்னும் நிறைய பேர் காத்திருந்தார்கள். பிள்ளை பெற்றவர்களில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு இப்படி வருவதுண்டு, உடனே கவனிக்க வேண்டும், மருந்தில் குணமாகும் என்றார். படுக்கையில் சேர்த்துக்கொண்டார்கள். குணமானாள். நாள் பிடித்தது. சித்தி ஒவ்வொரு வேளை மாத்திரையையும் ஜெபம் பண்ணித்தான் கொடுத்தார். அதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அந்த நாட்களைப் பற்றி எப்போதாவது பேச்சு வந்தால் தங்கச்சி சொல்வாள்: “ஒண்ணுமே ஞாபகம் இல்லண்ணா. கூழு குடிச்சியான்னு கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கு.”

இதனால் பேயே கிடையாது, எல்லாம் நோய்தான் என்று நான் சொல்ல வரவில்லை. மத்தேயுவே சுவஸ்தப்பட்டவர்களைப் பட்டியலிடும்போது பிசாசு பிடித்தவர்களையும் சந்திரரோகிகளையும் திமிர்வாதக்காரரையும் தனித்தனியாகத்தான் எழுதுகிறார். ஆனால் எது எது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும் என்கிற தைரியம் எனக்கு இல்லை. கத்தோலிக்கத் திருச்சபைக்கும் அந்தத் தைரியம் இல்லை. பேயோட்டும் சடங்குக்கு 1614இல் வந்த நூலே, ஒருவருக்குப் பேய் பிடித்திருப்பதாக எளிதில் நம்பிவிடாதே என்றுதான் குருவை எச்சரிக்கிறது. 1983ஆம் ஆண்டு திருச்சபைச் சட்டத்தின் 1172ஆம் பிரிவுப்படி ஆயரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் யாரும் அந்தச் சடங்கைச் செய்யக் கூடாது. எங்கள் பக்கத்துச் சுயாதீன சபைகளில் மைக் கையில் இருந்தால் போதும். யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் அடிக்கடி வாசிக்காத நிருபம் யூதா. பிரதான தூதனாகிய மிகாவேலே மோசேயின் சரீரத்தைக் குறித்துப் பிசாசோடு வாதிட்டபோது, தூஷணமாய்க் குற்றப்படுத்தத் துணியாமல், கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக என்று மட்டும் சொன்னதாக அதில் இருக்கிறது. பிசாசைக்கூடக் குற்றஞ்சாட்டத் தயங்குகிறான் தூதன். ஊழியக்காரர் பிள்ளை பெற்ற பெண்ணைக் குற்றஞ்சாட்டுகிறார்.

காலியான வீட்டுக்கு ஏழு ஆவிகளோடு திரும்பி வரும் என்று மத்தேயு 12ஐக் காட்டி, குணமானவர்களை வருடக்கணக்காக மிரட்டுகிற வழக்கமும் உண்டு. அந்த உவமையின் கடைசி வரியை வாசித்தால் போதும். இந்தப் பொல்லாத சந்ததியாருக்கும் அப்படியே சம்பவிக்கும் என்று இயேசு அதை ஒரு தலைமுறைக்குச் சொல்கிறார், நோயில் கிடந்து எழுந்த ஒரு பெண்ணுக்கு இல்லை.

கொட்டகை சபைகளைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அம்மா என்னோடு பேச மாட்டார். குடிகாரப் புருஷனிடம் அடி வாங்கிய பெண் ராத்திரி பதினோரு மணிக்கு எங்கே போவாள்? ஜெபவீட்டுக் கதவைத்தான் தட்டுவாள். அவள் பேரைச் சொல்லி ஒருவர் அழுது ஜெபிப்பது அவள் வாழ்க்கையில் அதுவே முதல் தடவையாக இருக்கும். மழை வெள்ளம் வந்தால் முதலில் சோறு பொங்குவதும் இவர்கள்தான். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிற நகரம் இது. 1794 முதல் மனநலத்துக்கென்று இங்கே ஒரு நிறுவனம் இருந்தும், அதன் வாசலை மிதிக்க வெட்கப்படுகிறவர்கள் பேய் என்றால் தைரியமாக வருகிறார்கள். பேயில் ஒரு கௌரவம் இருக்கிறது, அது வெளியிலிருந்து வந்தது. அந்தக் கௌரவத்தையும் வாசல் விசாரணை பிடுங்கிவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

இது கிறிஸ்தவர்கள் வியாதி மட்டுமில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை அண்டி நடந்த காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் எரிந்துபோனார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. கதரேனர் ஊரார் கட்டியதற்கும் இந்தச் சட்டத்துக்கும் நடுவில் எவ்வளவு காலம்! இப்போது 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவிச் சேவை இருக்கிறது, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். ஜெபவீட்டுச் சுவரில் வசனத்துக்குக் கீழே இந்த எண்ணையும் எழுதி வையுங்கள் என்று அம்மாவின் பாஸ்டரிடம் கேட்டேன். எழுதி வைத்திருக்கிறார்.

அம்மாவுக்கும் எனக்கும் தீராத வழக்கு ஒன்று உண்டு. இரக்கம் பேய்கள் வரைக்கும் போகுமா? அம்மா உடனே எபிரெயர் 2:16ஐ எடுப்பார். அவர் தேவதூதருக்கு உதவியாகக் கைகொடாமல், ஆபிரகாமின் சந்ததிக்கு உதவியாகக் கைகொடுத்தார். அடுத்து 2 பேதுரு 2:4, பாவஞ்செய்த தூதர்களைத் தேவன் தப்பவிடவில்லை. கேஸ் முடிந்தது என்பார். மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகேன் என்ற இறையியலாளர், கடைசியில் எல்லாமே கடவுளிடம் திரும்பிவிடுமோ என்று யோசித்ததையும், 543இல் யுஸ்தினியான் பேரரசர் அந்தப் போதனையைக் கண்டித்து ஆணை போட்டதையும் நான் சொன்னால், பார்த்தாயா ராஜாவே சொல்லிட்டாரு என்பார். ராஜாக்கள் சொன்னதையெல்லாம் பெந்தெகொஸ்தேக்காரர்கள் எப்போதிலிருந்து ஏற்றுக்கொள்கிறார்கள் என்று கேட்டால் பேச்சு சமையலுக்குப் போய்விடும்.

ஆனால் ஈசாக்கு என்ற துறவியை அம்மாவால் அப்படித் தள்ள முடியவில்லை. ஏழாம் நூற்றாண்டு, இன்றைய கத்தார் பக்கத்தில் பிறந்தவர், சுரியானியில் எழுதியவர். நினிவேக்கு ஆயராக்கினார்கள், ஐந்தே மாதத்தில் விலகி மலைக்குப் போய்விட்டார். இரக்கமுள்ள இதயம் என்றால் என்ன என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதிலின் சாரம் இது: படைப்பு முழுவதற்காகவும் எரிகிற இதயம், மனிதருக்காக, பறவைகளுக்காக, விலங்குகளுக்காக, பேய்களுக்காகவும். ஓர் உயிர் துன்பப்படுவதை அந்த இதயத்தால் பார்க்கவோ கேட்கவோ முடியாது. பேய்களுக்கு மீட்பு உண்டு என்று அந்தப் பத்தியில் அவர் தீர்ப்பு எழுதவில்லை. அந்த இதயம் அவற்றுக்காகவும் அழும் என்கிறார், அவ்வளவுதான். யோனாவை எரிச்சலாக்கிய அதே நினிவே. ஜனங்கள் மட்டும் லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல், அதோடு அநேக மிருகஜீவன்கள், நான் பரிதபியாமலிருப்பேனோ என்று கர்த்தர் கேட்டு நிறுத்திய ஊர்.

கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே, சி.எஸ்.ஐ. என்று எல்லா வேதாகமத்திலும் இருக்கிற மத்தேயு 25இல் தூதர்கள், பிசாசு, இரக்கம் மூன்றும் ஒரே அறையில் கூடுகின்றன. மனுஷகுமாரன் சகல பரிசுத்த தூதரோடும் வருகிறார். நித்திய அக்கினி பிசாசுக்காகவும் அவன் தூதர்களுக்காகவும் ஆயத்தம்பண்ணப்பட்டது என்று எழுதியிருக்கிறது, மனிதருக்காக ஆயத்தம்பண்ணியதாக இல்லை. அங்கே நடக்கிற விசாரணையில் எந்த வாசல் வழியாக என்ன வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. பசிக்குப் போட்டாயா, தாகத்துக்குக் கொடுத்தாயா, துணி கொடுத்தாயா, வியாதிக்காரனைப் பார்த்தாயா, காவலில் இருந்தவனிடம் போனாயா. அம்மா சபையிலிருந்து புழலுக்குப் போகிற குழு ஒன்று உண்டு. உள்ளே போய், என்ன கேஸ் என்று கைதியிடம் கேட்கவே கூடாது என்பது அவர்கள் தங்களுக்கே போட்டுக்கொண்ட விதி. இந்த விதி விடுதலைக் கூட்டத்துக்கும் வந்தால் எனக்குப் போதும்.

பேய்களுக்கு இரக்கம் உண்டா என்பதற்கு என்னிடம் இருக்கிற கடைசி ஆயுதம் மாற்கு 5இன் நடுப்பகுதி. எங்களைப் பன்றிகளுக்குள் போகவிடும் என்று பிசாசுகள் கெஞ்சுகின்றன, இயேசு உத்தரவு கொடுக்கிறார். கெஞ்சினால் பேய்க்கும் அவர் சரி என்று சொன்னாரே என்று ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே, “அதெல்லாம் சரிடா, ரெண்டாயிரம் பன்னியும் கடல்ல போச்சே, அதுங்களை மேச்சவன் பொழப்புக்கு யாரு எறங்குனது?” என்று கேட்டார்.